கடுகளவு பூமியில் வாழ்க்கைக்கு அர்த்தம் உண்டா?

விண்மீன்கள் பாடத்தை நடத்தி முடித்ததும் வகுப்பில் ஒரு கேள்வி வராமல் இருப்பதில்லை. "டீச்சர், பேரண்டம் இவ்வளவு பெரிசுன்னா நாமெல்லாம் எதுக்கு? நான் படிச்சா என்ன, படிக்காட்டி என்ன?" சிலர் இதை விளையாட்டாகக் கேட்பார்கள். சிலர் விளையாட்டுப் போலக் கேட்டுவிட்டு, பதிலுக்காக உண்மையிலேயே காத்திருப்பார்கள். தேர்வு முடிவு சரியாக அமையாத வாரத்திலும், வீட்டில் ஒரு துக்கம் நேர்ந்த மாதத்திலும் இந்தக் கேள்வி இன்னும் கனத்துப் போகும்.

மாணவர்களே, இது தட்டிக்கழிக்க வேண்டிய கேள்வி அல்ல. ஆனால் இதில் இரண்டு கேள்விகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருக்கின்றன. முதலில் அவற்றைப் பிரித்துக்கொள்வோம்.

கேள்வி 1: பேரண்டத்தில் நாம் எவ்வளவு சிறியவர்கள்?

கேள்வி 2: சிறியவர்களாக இருப்பதால் நம் வாழ்க்கைக்கு அர்த்தம் இல்லாமல் போகுமா?

முதல் கேள்விக்கு அளந்து பதில் சொல்லலாம். இரண்டாவதை அளக்க முடியுமா என்பதைப் பிறகு பார்ப்போம்.

பள்ளித் திடலில் சூரியக் குடும்பம்

பெரிய எண்களை வாயால் சொல்லிவிடலாம். மனத்தில் நிறுத்துவதுதான் கடினம். அதனால் ஒரு மாதிரி செய்வோம். நம் மாதிரியில் 1 சென்டிமீட்டர் என்பது உண்மையில் 100,000 கிலோமீட்டர்.

சூரியனின் விட்டம் ஏறக்குறைய 1,390,000 கிலோமீட்டர். மாதிரியில் அது 14 சென்டிமீட்டர்கூட இல்லை. ஒரு செப்பாக் தக்ராவ் பந்தை எடுத்துக்கொள்ளுங்கள்; அளவு ஏறக்குறைய சரியாக இருக்கும். அதைத் திடலின் ஒரு மூலையில் வையுங்கள்.

பூமியின் விட்டம் ஏறக்குறைய 12,700 கிலோமீட்டர். மாதிரியில் 1.3 மில்லிமீட்டர். சமையலறையிலிருந்து ஒரு சிறிய கடுகைக் கொண்டு வந்தால் போதும். பந்திலிருந்து 15 மீட்டர் தள்ளி அந்தக் கடுகை வையுங்கள். நாம் படிக்கும் பள்ளி, மலாக்கா நீரிணை, இமயமலை, எல்லாப் போர்களும் எல்லாத் திருமணங்களும் அந்தக் கடுகின் மேல்தான்.

நிலா, கடுகிலிருந்து 4 சென்டிமீட்டருக்கும் சற்றுக் குறைவான தூரத்தில் இருக்கும் ஒரு தூசி. மனிதர்கள் இதுவரை நேரில் பயணம் செய்த மிக நீண்ட தொலைவு இந்த 4 சென்டிமீட்டர்தான்.

வியாழன் கோள் 78 மீட்டர் தள்ளி ஒரு கோலிக்குண்டு அளவில் இருக்கும். நெப்டியூன் 450 மீட்டர் தள்ளி. பள்ளி வேலியைத் தாண்டி எங்கோ சாலையில் போய்த்தான் வைக்க வேண்டும். 1990ஆம் ஆண்டு பிப்ரவரி 14 அன்று வாயேஜர் 1 விண்கலம், வானியலாளர் கார்ல் சேகனின் யோசனைப்படி, திரும்பிப் பார்த்துப் பூமியைப் படம் எடுத்தது. அப்போது அது ஏறக்குறைய 600 கோடி கிலோமீட்டர் தொலைவில் இருந்தது. நம் மாதிரியில் 600 மீட்டர். அவ்வளவு தூரத்திலிருந்து ஒரு கடுகைப் படம் பிடித்தால் எப்படி இருக்கும்? அந்தப் படத்தில் பூமி ஒரு பிக்சல் அளவுகூட இல்லை.

இப்போது அடுத்த விண்மீனுக்குப் போவோம். சூரியனுக்கு மிக அருகில் உள்ள விண்மீன் பிராக்சிமா செண்டாரி. அது 4.24 ஒளியாண்டு தொலைவில் இருக்கிறது. நம் தக்ராவ் பந்து கோலாலம்பூரில் இருந்தால், அந்த விண்மீனை ஏறக்குறைய 4,000 கிலோமீட்டர் தள்ளி வைக்க வேண்டும். ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரம் ஏறக்குறைய அந்தத் தூரத்தில்தான் இருக்கிறது. கோலாலம்பூரில் ஒரு பந்து, பெர்த்தில் அதைவிடச் சிறிய இன்னொரு பந்து. நடுவில் பெரும்பாலும் வெற்றிடம்.

இப்படிப்பட்ட பந்துகள் பத்தாயிரம் கோடிக்கும் மேல் சேர்ந்ததுதான் நம் பால்வீதி மண்டலம். நீங்கள் மலாய் மொழிப் பாடநூலில் 'பீமா சக்தி' என்று படிப்பது இதைத்தான். இதன் குறுக்களவு ஏறக்குறைய 100,000 ஒளியாண்டு. மாதிரியில் இதைக் காட்டப் போனால் 9 கோடி கிலோமீட்டருக்கு மேல் வேண்டும். உண்மையான சூரியனுக்குப் போகும் வழியில் பாதியையும் தாண்டிவிடும். மாதிரியே பூமியில் அடங்காமல் போய்விடுகிறது.

காலத்திலும் இதே கதைதான். பேரண்டத்தின் வயது ஏறக்குறைய 1,380 கோடி ஆண்டுகள். அதை 24 மணி நேரமாகச் சுருக்கினால், ஒவ்வொரு விநாடியும் ஏறக்குறைய 160,000 ஆண்டுகள். நம் மனித இனம் தோன்றி ஏறக்குறைய 300,000 ஆண்டுகள். அதாவது கடைசி 2 விநாடி. 80 ஆண்டு வாழும் ஒருவரின் முழு ஆயுளும் விநாடியில் 2,000இல் ஒரு பங்கு.

ஆக, முதல் கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது. நாம் மிக மிகச் சிறியவர்கள். இதில் சந்தேகத்துக்கு இடமில்லை. இதை மழுப்பிச் சொல்வதும் அறிவியல் ஆகாது.

இதை அளந்தது யார்?

அந்த 100,000 ஒளியாண்டு நமக்கு எப்படித் தெரியும்? யாரும் நாடா பிடித்து அளக்கவில்லை. விண்மீன்களின் தூரத்தை அளக்க ஒரு வழி கண்டவர்களில் முக்கியமானவர் ஹென்ரியெட்டா ஸ்வான் லெவிட் என்னும் அமெரிக்கப் பெண்மணி. 1868இல் பிறந்தவர். செவித்திறன் மிகவும் குறைந்தவர். ஹார்வர்டு கல்லூரி வானாய்வகத்தில் 'கணிப்பாளர்' என்ற பெயரில் வேலை பார்த்த பல பெண்களுள் ஒருவர். கணினி இல்லாத அந்தக் காலத்தில் கணக்குப் போடும் மனிதர்களையே அப்படி அழைத்தார்கள். அவருக்குக் கிடைத்த சம்பளம் மணிக்கு 30 காசு. தொலைநோக்கியை இயக்கும் வேலை அந்தப் பெண்களுக்குத் தரப்படவில்லை. தொலைநோக்கியில் எடுத்த கண்ணாடிப் படத்தகடுகளை மேசையில் வைத்து, புள்ளி புள்ளியாக ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் அவர்களுடைய வேலை.

லெவிட் பார்த்த தகடுகளில் பல, தென் அமெரிக்காவில் பெரு நாட்டின் அரெக்கிப்பாவில் எடுக்கப்பட்டவை. தெற்கு வானில் 'சிறிய மெகல்லன் மேகம்' என்று ஒரு விண்மீன் கூட்டம் உண்டு. (நம் நாட்டிலிருந்தும் அது தெரியும்; ஆனால் தெற்குத் தொடுவானை ஒட்டி மிகத் தாழ்வாக. நகர விளக்குகள் இல்லாத கடற்கரையும் தெளிந்த வானமும் வேண்டும்.) அதில் சில விண்மீன்கள் ஒரே சீராக ஒளி கூடிக் குறைந்துகொண்டிருந்தன. இன்று இவற்றைச் சீஃபைடு விண்மீன்கள் என்கிறோம். லெவிட் அவற்றில் 25ஐ எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றும் ஒருமுறை கூடிக் குறைய எத்தனை நாள் எடுக்கிறது என்று கணக்கிட்டார். சிலவற்றுக்கு ஒன்றேகால் நாள்; மிக நீண்டதற்கு 127 நாள். வரைபடம் போட்டுப் பார்த்தபோது ஒரு நேர்க்கோடு தெரிந்தது: எந்த விண்மீன் அதிகப் பிரகாசமோ, அது கூடிக் குறைய அதிக நாள் எடுத்துக்கொள்கிறது.

இதில் என்ன பெரிய விஷயம் என்று தோன்றலாம். இரவில் போர்ட்டிக்சன் கடற்கரையில் நின்றால் தூரத்தில் கப்பல் விளக்குகள் தெரியும். ஒரு விளக்கு மங்கலாகத் தெரிந்தால், அது சிறிய விளக்கா, தொலைவில் உள்ள பெரிய விளக்கா என்று சொல்ல முடியாது. விண்மீன்களிலும் இதே சிக்கல்தான். ஆனால் ஒரே இடத்தில் கூட்டமாக நங்கூரமிட்ட கப்பல்கள் என்றால், அவை எல்லாம் நம்மிடமிருந்து ஏறக்குறைய ஒரே தூரம். அங்கே அதிகப் பிரகாசமாகத் தெரியும் விளக்கு, உண்மையிலேயே அதிகச் சக்தி உள்ள விளக்கு. சிறிய மெகல்லன் மேகம் அப்படி ஒரு கூட்டம். ஆகவே லெவிட் கண்டது விண்மீனின் உண்மையான பிரகாசத்துக்கும் அதன் நாள் கணக்குக்கும் உள்ள தொடர்பு.

இனி வேறு எந்த இடத்தில் ஒரு சீஃபைடு விண்மீனைக் கண்டாலும், அது கூடிக் குறையும் நாள்களை எண்ணினால் உண்மையான பிரகாசம் தெரிந்துவிடும். அது நமக்கு எவ்வளவு மங்கலாகத் தெரிகிறது என்று பார்த்தால் தூரம் தெரிந்துவிடும். தூரம் 2 மடங்கானால் பிரகாசம் நான்கில் ஒரு பங்கு. 10 மடங்கானால் நூறில் ஒரு பங்கு.

1912இல் வெளிவந்த அந்த அறிக்கை மூன்றே பக்கம். அதன் கீழ் இருந்த பெயர் வானாய்வகத்தின் தலைவர் எட்வர்டு பிக்கரிங்குடையது. அறிக்கையைத் தயாரித்தவர் செல்வி லெவிட் என்று முதல் வரியில் குறிப்பு இருந்தது. அடுத்த ஆண்டே டென்மார்க்கைச் சேர்ந்த எய்னார் ஹெர்ட்ஸ்பிரங், அருகிலுள்ள சீஃபைடு விண்மீன்களைக் கொண்டு இந்தத் தொடர்பைத் தூரம் அளக்கும் கோலாக மாற்ற முயன்றார். பிறகு ஹார்லோ ஷாப்லி அதைப் பயன்படுத்தி, சூரியன் பால்வீதியின் நடுவில் இல்லை, ஓரமாக எங்கோ இருக்கிறது என்று காட்டினார்.

1923இல் எட்வின் ஹபிள், ஆண்ட்ரோமெடா என்ற ஒளிப் படலத்தில் ஒரு சீஃபைடு விண்மீனைக் கண்டார். அது கூடிக் குறைய 31 நாள். லெவிட்டின் கோலை வைத்து அளந்தபோது தூரம் ஏறக்குறைய 9 லட்சம் ஒளியாண்டு என்று வந்தது. பின்னால் வந்தவர்கள் அதைத் திருத்தினார்கள். இன்றைய கணக்கு ஏறக்குறைய 25 லட்சம் ஒளியாண்டு. எப்படிப் பார்த்தாலும் அது பால்வீதிக்கு வெளியே இருந்தது. பால்வீதிதான் முழுப் பேரண்டம் என்று பல அறிஞர்கள் நினைத்திருந்த காலம் அதோடு முடிந்தது. நம் பால்வீதி பல மண்டலங்களில் ஒன்று என்று ஆகிவிட்டது.

லெவிட் இதைப் பார்க்கவில்லை. அவர் 1921 டிசம்பரில் புற்றுநோயால் இறந்துவிட்டார். வயது 53. 1925இல் சுவீடனைச் சேர்ந்த கணிதவியலாளர் ஒருவர், நோபல் பரிசுக்கு அவர் பெயரை முன்மொழிய விரும்பிக் கடிதம் எழுதினார். அவர் உயிரோடு இல்லை என்பது அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது.

இங்கே கொஞ்சம் நின்று யோசியுங்கள். பேரண்டத்தில் நாம் எவ்வளவு சிறியவர்கள் என்பதை நமக்குச் சொன்னது பேரண்டம் அல்ல. விண்மீனுக்குத் தன் தூரம் தெரியாது. கடுகின் மேல், ஒரு மேசையில் உட்கார்ந்து, மணிக்கு 30 காசு சம்பளத்தில் புள்ளிகளை ஒப்பிட்ட ஒருவரும் அவருக்குப் பின் வந்த சிலரும் கண்டுபிடித்துச் சொன்னார்கள். "நாம் இவ்வளவு சிறியவர்கள்" என்று நாம் சொல்லும்போதே அவர்களுடைய உழைப்பைத்தான் பயன்படுத்துகிறோம்.

மறைந்திருக்கும் படி

இப்போது கேள்வி 2. "நாம் சிறியவர்கள், ஆகவே நம் வாழ்க்கைக்கு அர்த்தம் இல்லை." இந்த வாக்கியத்தில் 'ஆகவே' என்ற சொல்லைக் கவனியுங்கள். முதல் பகுதி அளந்து பெற்ற உண்மை. இரண்டாவது பகுதி ஒரு முடிவு. முதலிலிருந்து இரண்டாவதற்குத் தாவ, நடுவில் ஒரு படி வேண்டும். அந்தப் படி சொல்லப்படாமல் மறைந்திருக்கிறது: "பெரியதற்குத்தான் மதிப்பு உண்டு." ஆய்வுக்கூடத்தில் ஒரு கருதுகோளைச் சோதிப்பதுபோல இதைச் சோதித்துப் பார்ப்போம்.

சோதனை 1: வியாழன் கோளுக்குள் ஏறக்குறைய 1,300 பூமிகளை அடக்கலாம். அப்படியானால் வியாழன் பூமியைவிட 1,300 மடங்கு மதிப்புடையதா? நீலத் திமிங்கிலம் உங்கள் தம்பியைவிடப் பல ஆயிரம் மடங்கு எடை. அதனால் தம்பி பல ஆயிரம் மடங்கு மதிப்புக் குறைந்தவனா? யாரும் அப்படி நினைப்பதில்லை.

சோதனை 2: நாளைக் காலையில் வானியலாளர்கள், "எங்கள் கணக்கு தவறு, பேரண்டம் நாங்கள் சொன்னதில் பாதிதான்" என்று அறிவிப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் வீட்டுக்குத் தாமதமாகப் போனால் அம்மா படும் கவலை அன்று இரண்டு மடங்காகுமா? பேரண்டத்தின் அளவை மாற்றினாலும் உங்களுக்கு முக்கியமானவை எதுவும் மாறவில்லை. ஒன்றை மாற்றியும் இன்னொன்று மாறவில்லை என்றால் அந்த இரண்டுக்கும் தொடர்பு இருப்பதாகச் சொல்ல முடியுமா? மாறிகளைப் பற்றிப் படித்த உங்களுக்கு இது தெரியும்.

சோதனை 3: டிங்கிக் காய்ச்சல் கிருமியின் விட்டம் ஏறக்குறைய 50 நானோமீட்டர். வரிசையாக வைத்தால் ஒரு மில்லிமீட்டருக்குள் 20,000 கிருமிகள் அடங்கும். அவ்வளவு சிறியது ஒரு குடும்பத்தையே மருத்துவமனை வாசலில் உட்கார வைக்கிறது. அளவு சிறிதென்றால் விளைவும் சிறிதாகத்தான் இருக்கும் என்பதும் உண்மை இல்லை.

மூன்று சோதனையிலும் கருதுகோள் தேறவில்லை. காரணம் எளிது. இயற்பியலில் ஏழு அடிப்படை அளவுகள் உண்டு: நீளம், பொருண்மை, காலம், மின்னோட்டம், வெப்பநிலை, பொருளின் அளவு, ஒளிச்செறிவு. இவற்றில் 'மதிப்பு' இல்லை, 'அர்த்தம்' இல்லை. மீட்டரை எத்தனை முறை பெருக்கினாலும் அது கிலோகிராம் ஆகாது. அலகு பொருந்தாத கணக்கைத் தேர்வில் எழுதினால் மதிப்பெண் கிடைக்காது. ஒளியாண்டிலிருந்து வாழ்க்கையின் அர்த்தத்தைக் கணக்கிடுவதும் அலகு பொருந்தாத கணக்குதான்.

இன்னொரு வழியில் பார்க்கலாம். உலக வரைபடத்தில் உங்கள் வீடு இல்லை. அதனால் உங்களுக்கு வீடே இல்லை என்று ஆகிவிடாது. அந்த வரைபடம் கடல்களையும் கண்டங்களையும் காட்டுவதற்காக வரையப்பட்டது. வீட்டுக்குப் போக வேறு அளவில் வரைந்த வரைபடம் வேண்டும். வாழ்க்கையை வாழும் அளவு வேறு. விண்மீன் மண்டலங்களைப் படிக்கும் அளவு வேறு. இரண்டு வரைபடமும் உண்மை. ஒன்றின் வேலையை இன்னொன்றிடம் கேட்கக் கூடாது.

அறிவியலின் எல்லை

ஒன்றை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். "வாழ்க்கைக்கு அர்த்தம் இல்லை" என்று அறிவியல் நிரூபிக்கவில்லை. அதேபோல "அர்த்தம் உண்டு" என்றும் அது நிரூபித்துத் தராது. அந்த வேலை தொலைநோக்கியுடையது அல்ல. சமயம், இலக்கியம், குடும்பம், நட்பு, செய்யும் தொழில் என்று மனிதர்கள் பல இடங்களில் அதைத் தேடியிருக்கிறார்கள், நீங்களும் தேடுவீர்கள். அறிவியல் செய்யக்கூடியது ஒன்று: அந்தத் தேடலைத் தொடங்கும் முன்பே கதவை அடைக்கும் தவறான 'ஆகவே'யை நீக்கித் தருவது.

லெவிட்டின் கதையை மறுபடி எடுத்துக்கொள்வோம். 1912இல் அவர் வரைந்த கோட்டுக்கு மதிப்பு எப்போது வந்தது? 1923இல் ஹபிள் அதைப் பயன்படுத்திய பிறகா? நோபல் பரிசைப் பற்றி ஒருவர் நினைத்த பிறகா? அவர் வரைந்த அன்றே அந்தக் கோடு சரியாக இருந்தது. அன்றே ஓர் உண்மை மனிதருக்குத் தெரிய வந்தது. அதன் பலனை அவர் முழுவதும் பார்க்காததால் அந்த வேலை வீணாகிவிடவில்லை. நீங்கள் தங்கைக்குப் பின்னக் கணக்கு சொல்லிக் கொடுப்பதும், பாட்டிக்கு வேளை தவறாமல் மருந்து எடுத்துக் கொடுப்பதும் இதே வகைதான். பார்க்க ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும், தங்கைக்குக் கணக்குப் புரிகிறது. பாட்டிக்கு உடம்பு தேறுகிறது.

சிலருக்கு "எதற்காக வாழ வேண்டும்" என்ற எண்ணம் வானியல் பாடத்தால் வருவதில்லை. தூக்கம் கெட்டு, பிடித்த விளையாட்டும் பிடிக்காமல் போய், வாரக்கணக்கில் மனம் கனத்துக் கிடப்பதால் வரும். அப்போது தேவைப்படுவது தர்க்கம் அல்ல; துணை. அம்மா, அப்பா, பள்ளியின் ஆலோசக ஆசிரியர், நம்பிக்கையான பெரியவர் என யாரிடமாவது அன்றே சொல்லிவிடுங்கள். காய்ச்சல் வந்தால் கிளினிக்குக்குப் போவதைப் போன்றதுதான் இதுவும், வெட்கப்பட ஒன்றுமில்லை.

செய்து பாருங்கள்

1. சூரியனிலிருந்து சனிக்கோளின் தூரம் ஏறக்குறைய 143 கோடி கிலோமீட்டர். நம் மாதிரியில் அதை எத்தனை மீட்டர் தள்ளி வைக்க வேண்டும்?

2. 'அ', 'ஆ' என்று இரண்டு சீஃபைடு விண்மீன்கள். இரண்டும் கூடிக் குறைய 10 நாள் எடுக்கின்றன. 'ஆ' நமக்கு 'அ'வைவிட 400இல் ஒரு பங்கு பிரகாசமாகத் தெரிகிறது. 'ஆ' எத்தனை மடங்கு தொலைவில் உள்ளது?

3. "நாடு முழுவதும் பல்லாயிரம் பேர் எழுதும் தேர்வு இது. அவர்களில் நான் ஒருவன். ஆகவே என் முயற்சிக்கு மதிப்பில்லை." இதில் மறைந்திருக்கும் படி எது? அதைச் சோதிக்க நீங்களே இரண்டு சோதனைகளை அமையுங்கள். நண்பரோடு பேசி எழுதுங்கள்.

விடைகள்: 1) 143 மீட்டர். 2) 20 மடங்கு, 20ஐ 20ஆல் பெருக்கினால் 400. 3) இதற்கு ஒரே விடை இல்லை. வகுப்பில் உங்கள் ஆசிரியரிடம் காட்டிக் கலந்துரையாடுங்கள்.